பார்த்துச் செய்வது தொழில். பெயரைப் போடுவது திருட்டு



நம் மளிகைக் கடைகளுக்கு இப்போது வாரத்துக்கு ஒருவராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பையைத் திறந்தால் டீத்தூள், பெருங்காயம், சோப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாம் இருக்கும். எல்லாமே எங்கோ பார்த்த பாக்கெட்டுகள். நிறம் அதேதான், படமும் அதேதான். பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். "கம்பெனிச் சரக்குல உங்களுக்கு என்னங்க நிக்குது? இதுல நூத்துக்கு முப்பது நிக்குமுங்க" என்பார். பில் கேட்டால் தலையைச் சொறிவார்.

இதைப் பற்றி நம் இதழில் முன்னரும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே மளிகையை விட்டுச் சற்று விலகி, கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதப்போகிறேன். பூண்டு மண்டிக்காரனுக்குக் கடிகாரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நல்ல சரக்குக்கும் போலிச் சரக்குக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்ற கேள்வியை, கடிகாரத் தொழில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தித்து வருகிறது. அங்கே தெளிவாகத் தெரிகிற ஒன்று, நம் அலமாரியில் மங்கலாகத் தெரிகிறது. ஆகவே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ரகசியக் கையெழுத்து

ஆபிரகாம் லூயி பிரெகே என்பவர் 1747-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாடெல் ஊரில் பிறந்து, பாரிஸ் நகரில் கடை வைத்துப் பெயர் பெற்ற கடிகாரக்காரர். அரசர்களும் தளபதிகளும் அவருடைய வாடிக்கையாளர்கள். சரக்கு நன்றாக இருந்தால் போலி வராமல் இருக்குமா? அவர் காலத்திலேயே "பிரெகே" என்ற பெயரைப் போட்டு மட்டமான கடிகாரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. அவர் என்ன செய்தார் தெரியுமா? 1795 வாக்கில், முகப்புத் தகட்டில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்கு மெல்லிய கோட்டில் தம் பெயரைக் கீறி வைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்தக் கையெழுத்து தெரியும். இன்று நாம் பாக்கெட்டில் பார்க்கும் ஹோலோகிராம் முத்திரைக்கு அதுவே பாட்டன் முறை.

அவர் 1823-இல் காலமானார். அவருக்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தில் ஜார்ஜ் டேனியல்ஸ் என்றொருவர் அவருடைய கடிகாரங்களைத் தேடித் தேடிப் பழுது பார்த்தார். 1926-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே வீட்டு அலாரக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தவர். பிரெகேயின் வேலைப்பாட்டை அணு அணுவாகப் படித்து, 1975-இல் அதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார்.

பிறகு தாமே கடிகாரம் செய்யத் தொடங்கினார். கூடு, முகப்பு, முள், பற்சக்கரம், திருகு என்று முப்பதுக்கும் மேற்பட்ட கைத்தொழில்கள் ஒரு கடிகாரத்துக்குள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருப்பார். இவரோ ஏறத்தாழ எல்லாவற்றையும் தம் பட்டறையில், தம் கையாலேயே செய்தார். அவர் செய்த கடிகாரங்களைப் பார்த்தவர் எவரும் பிரெகேயை நினைக்காமல் இருக்க முடியாது. முகப்பின் அமைப்பும், மெல்லிய முள்ளும், வெள்ளித் தகட்டின் நுண்ணிய கோட்டு வேலையும் அந்தப் பழைய ஆசானிடம் கற்றவைதாம். ஆனால் முகப்பில் அவர் எழுதிய பெயர் "டேனியல்ஸ், லண்டன்".

இந்த ஒரு வரியில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. பிரெகே காலத்துப் போலிக்காரன் பெயரை எடுத்துக்கொண்டான், வேலையை விட்டுவிட்டான். டேனியல்ஸ் வேலையை எடுத்துக்கொண்டார், பெயரை விட்டுவிட்டார். முதல் ஆளைத் தடுக்கப் பிரெகே ரகசியக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டாம் ஆளால் பிரெகேயின் புகழ் வளர்ந்தது.

அதோடு கதை முடியவில்லை. பழைய கடிகாரங்களில் சக்கரத்தைத் தடுத்து விடுவிக்கும் பகுதி உராய்ந்துகொண்டே இருக்கும். அதற்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய் காய்ந்தால் நேரம் பிசகும். இந்தக் குறையைப் போக்க 1970-களில் டேனியல்ஸ் புதிய அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்தார். சுவிஸ் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். பல ஆண்டுகள் யாரும் திறக்கவில்லை. கடைசியில் ஒமேகா கம்பெனி 1999-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்றவரைப் பார்த்துச் செய்தவன் என்று ஒதுக்கியிருந்தால், அந்தப் புதுமை உலகத்துக்குக் கிடைத்திருக்காது.

டேனியல்ஸ் எழுதிய கடிகாரத் தொழில் நூல் 1981-இல் வந்தது. அதைப் படித்துவிட்டு ரோஜர் ஸ்மித் என்ற ஓர் இளைஞர் தனியாக ஒரு பைக் கடிகாரம் செய்து, அவரிடமே கொண்டுபோய்க் காட்டினார். பெரியவர் தட்டிக் கொடுக்கவில்லை. கையால் செய்தது என்று பார்த்தவுடனே தெரிகிறது; அது தானாகவே உருவானது போல இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை சோர்ந்து போகாமல் ஐந்து ஆண்டுகள் செலவிட்டு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து, இரண்டாவது கடிகாரத்தைக் கொண்டுபோனார். அதன் பிறகே பெரியவர் அவரைக் கடிகாரக்காரர் என்று ஒப்புக்கொண்டார். இன்று ரோஜர் ஸ்மித்தின் பெயருக்கே தனி மதிப்பு.

கண் பார்த்தால் கை செய்யும்

இது வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். கண் பார்த்தால் கை செய்யும் என்ற பழமொழி நம்முடையது. அதை வாழ்ந்து காட்டிய ஊர் நம் கோயம்புத்தூர்.

கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை எப்படியாவது வாங்க வேண்டும் என்று கோவையில் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கிப் பிரித்துப் பூட்டிப் பழகினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர், பின்னர் மின்சார சவரக் கருவி வரை செய்தார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் உருவாவதற்கு வழி செய்தார். வெளிநாட்டுப் பொருளைப் பார்த்துக் கற்றவர்தான். ஆனால் வெளிநாட்டுக்காரன் பெயரைத் தம் பொருளின்மேல் ஒட்டவில்லை. அதனால்தான் 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

1955-இல் பி. சபாபதி அவர்கள் வீட்டு ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி, வெட் கிரைண்டர் என்று ஒன்றை உண்டாக்கினார். அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான பட்டறைகள் கிரைண்டர் செய்தன. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள்; ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1962-இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ், சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு முறையாக ஒப்பந்தம் போட்டு நூற்பு இயந்திரத் தொழிலைக் கற்றது. இதுவும் பார்த்துச் செய்ததுதான். ஆனால் கேட்டுப் பெற்றது, கூலி கொடுத்துக் கற்றது.

கைக்கடிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு கடிகாரம் செய்யத் தொடங்கியது. என் வயதுக்காரர்களுக்கு எச்.எம்.டி. ஜனதா என்றால் போதும். கல்யாண மாப்பிள்ளையின் கையும், வேலையில் சேர்ந்த பிள்ளையின் கையும் நினைவுக்கு வரும். நுட்பம் ஜப்பானுடையது, முகப்பில் இருந்த பெயரோ நம்முடையது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்தது. 2002-இல் மூன்றரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள எட்ஜ் கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அதன் உள் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர்தான். மாணவனாகத் தொடங்கிய நாடு, ஆசானும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பொருளைச் செய்தது.

எச்.எம்.டி. கடிகார ஆலைகளை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அதன் பிறகு பழைய எச்.எம்.டி.க்குச் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி வந்தது. கிராக்கி வந்தவுடன் என்ன நடந்திருக்கும் என்பதை நம் போன்ற வியாபாரிகளுக்குச் சொல்லவா வேண்டும்? பழைய முகப்பைச் சுரண்டிப் புது நிறம் பூசி, தொழிற்சாலையில் ஒருநாளும் செய்யாத வகைகளையெல்லாம் "ஒரிஜினல்" என்று விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பிள்ளை செய்த கடிகாரம்

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடைக்காரரின் மகன், டிப்ளமோ முடித்துவிட்டு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். வீட்டு மாடியில் ஒரு சிறு மேஜை போட்டுக்கொண்டு, பத்து மாதமாக ஒரு கைக்கடிகாரம் செய்தார். மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது, 1972-இல் ஜெரால்டு ஜென்டா என்ற வடிவமைப்பாளர் ஓதமார் பிகே கம்பெனிக்கு வரைந்து கொடுத்த ராயல் ஓக். எட்டு மூலைச் சட்டம், அதில் எட்டுத் திருகு. அதுவரை விலை உயர்ந்த கடிகாரம் என்றால் தங்கம் என்றிருந்ததை மாற்றி, இரும்பு இனத்து எஃகைத் தங்க விலைக்கு விற்றுக் காட்டிய கடிகாரம் அது.

துருப்பிடிக்காத எஃகுத் துண்டைக் கடைந்து கூடு செய்தார். எட்டு மூலையையும் அரத்தால் ராவி ராவி எடுத்தார். ஒரு மூலை அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணை உறுத்துமாம். மூன்று சட்டம் வீணாகி, நான்காவதுதான் தேறியது. பித்தளைத் தகட்டில் முகப்பு வெட்டினார். உள்ளே ஓடும் இயந்திரத்தை மட்டும் விலைக்கு வாங்கினார். அது ஜப்பானில் சைக்கோ குழுமத்தின் என்.எச். 35 என்ற வகை. கையை அசைத்தாலே சாவி ஏறிக்கொள்ளும். முழுச் சாவிக்குச் சுமார் 41 மணி நேரம் ஓடும். மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. உலகம் முழுவதும் வீட்டில் கடிகாரம் செய்கிறவர்கள் விரும்பி வாங்கும் இயந்திரம் இது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இயந்திரத்தை வெளியே வாங்கினால் அது எப்படி "வீட்டில் செய்த கடிகாரம்" ஆகும் என்று சிலர் கேட்டார்கள். மயிரிழையைவிட மெல்லிய சுருள்வில்லை வீட்டு மாடியில் செய்ய முடியாது. நம் ஊரில் சாம்பார்ப் பொடி அரைக்கிற அம்மா, மிளகாயைக் குண்டூர்ச் சரக்காகவும் மஞ்சளை ஈரோட்டுச் சரக்காகவும் வாங்குகிறார். அதனால் பொடி அவருடையது இல்லை என்று ஆகிவிடுமா? மிளகாயையும் நானே விளைத்தேன் என்று சொன்னால்தான் பொய். அந்தப் பிள்ளை, உள்ளே இருப்பது ஜப்பான் இயந்திரம் என்று கேட்காமலேயே சொல்கிறார். சுவிஸ்காரர்களும் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2017 முதல், ஒரு கடிகாரத்தின் தயாரிப்புச் செலவில் 60 சதவீதமாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருந்தால்தான் "சுவிஸ் மேட்" என்று போடலாம்.

கடைசியில் முகப்பு மட்டும் எழுத்தில்லாமல் இருந்தது. அப்போது பட்டறைக்கு வந்த ஒரு வியாபாரி, "தம்பி, அந்தக் கம்பெனி பேரையே போட்டுக் குடு. மாசம் பத்துப் பீஸ் நான் எடுத்துக்கறேன்" என்று ரொக்கத்தையும் நீட்டினாராம். பிள்ளை என்னிடம் வந்து, "ஏனுங்கய்யா, பேரு போட்டா இருபதாயிரம் தர்றேங்கறாரு. என்ற பேரைப் போட்டா ரெண்டாயிரத்துக்குக்கூட யாரு வாங்குவாங்க?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இதுதான்: "அந்த இருபதாயிரத்துல உன்ற வேலைக்கு எவ்வளவு தம்பி? ரெண்டாயிரந்தானே? மிச்சப் பதினெட்டாயிரம் அந்தப் பேருக்கு. அந்தப் பேரு உன்றது இல்லையே. அடுத்தவன் முதல்ல வட்டி வாங்கறதுக்குப் பேரு என்ன?"

அவர் தம் ஊர்ப் பெயரையே சிறிய தமிழ் எழுத்தில் முகப்பில் பொறித்துக்கொண்டார். மேட்டுப்பாளையம் என்று எழுதிய கடிகாரத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இதுவரை இரண்டு பேர் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டே பேர்தான், ஆனால் இருவருமே அவருடைய வேலைக்காக வந்தவர்கள்.

வடிவம் மூப்படையும், பெயர் மூப்படையாது

சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. ஒரு பொருளின் வடிவத்தை நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு, ஆக மொத்தம் 15 ஆண்டு பாதுகாப்பு. அதன் பிறகு அது பொதுச் சொத்து. வணிகக் குறியோ அப்படியல்ல. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி 10 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். நூறு ஆண்டானாலும் உரிமை உரிமைதான். வடிவத்தை உலகம் கற்றுக்கொள்ளட்டும், பெயர் சம்பாதித்தவனிடமே இருக்கட்டும் என்பது இதன் பொருள். சில கம்பெனிகள் வடிவத்தையும் பாக்கெட்டின் தோற்றத்தையும்கூட வணிகக் குறியாகக் காத்துக்கொள்வது உண்டு. ஆகையால் விற்பனைக்கு என்று இறங்குகிறவர்கள் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. போலிக் குறி போட்ட பொருளைச் செய்தவன் மட்டும்தான் குற்றவாளி, விற்றவன் இல்லை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது தவறு. அந்தச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் வகுத்தது. கடைக்காரர் தப்ப வேண்டுமானால், தக்க முன்னெச்சரிக்கை எடுத்ததையும், சந்தேகப்படக் காரணம் இல்லை என்பதையும் காட்டி, யாரிடம் வாங்கினோம் என்ற விவரத்தையும் கேட்டவுடன் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவரின் விவரத்தை எங்கே போய்த் தேடுவது?

கடிகாரத்தில் கூட்டு; மளிகையில் ஏமாற்று

இனி நம் அலமாரிக்கு வருவோம். சில உறுப்பினர்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும்.

முதல் மறுப்பு: "வாடிக்கையாளர் கேட்கிறார், கொடுக்கிறோம்." நடைபாதையில் ஐந்நூறு ரூபாய்க்கு ரோலக்ஸ் வாங்குகிறவருக்கு அது ரோலக்ஸ் இல்லை என்று தெரியும். அவர் அந்தப் பொய்யில் பங்காளி. ஊரை ஏமாற்றத்தான் வாங்குகிறார். அதுவும் தவறுதான், ஆனால் வாங்கியவர் ஏமாறவில்லை. நம் மளிகையில் நிலைமை நேர்மாறு. கண் மங்கிய பாட்டி நிறத்தைப் பார்த்துத்தான் டீத்தூள் வாங்குகிறார். பள்ளிக்குப் போகிற குழந்தை படத்தைப் பார்த்து வாங்குகிறது. தோட்ட வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவர், "எப்பவும் வாங்கறது குடுங்க" என்று கேட்கிறார். இவர்கள் யாரும் போலியைக் கேட்கவில்லை. நாமாகத்தான் கொடுக்கிறோம். அதுவும் கையில் கட்டுகிற பொருள் அல்ல, வயிற்றுக்குள் போகிற பொருள். கடிகாரப் போலியைவிட மளிகைப் போலி பெரிய பாவம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் மறுப்பு: "பெரிய கம்பெனிகள் நமக்கு என்ன செய்துவிட்டன? நம் லாபத்தைக் குறைத்துவிட்டு, பெரிய அங்காடிகளுக்கும் பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் சலுகை தருகிறார்களே." இந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் உண்டு. அதற்காகச் சங்கத்தின் மூலம் பேச வேண்டும், போராடவும் வேண்டும். ஆனால் கம்பெனிமீது இருக்கும் கோபத்தைப் பாட்டியின் டீத்தூளில் தீர்த்துக்கொள்ளலாமா?

மூன்றாம் மறுப்பு: "அப்படியானால் சிறு தயாரிப்பாளர் எப்படிப் பிழைப்பது? புதுப் பெயரை யார் வாங்குவார்?" இதுதான் முக்கியமான கேள்வி. மாடியில் கடிகாரம் செய்த பிள்ளை கேட்டதும் இதே கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கம்பெனிக்காரர்களோ அரசாங்கமோ அல்லர், நாம்தாம். புதுப் பெயரை மக்கள் கண்ணில் காட்டும் இடம் நம் அலமாரி. நாம் போலிக்கு ஒதுக்கும் இடத்தை அவர்களுக்கு ஒதுக்கினால் அவர்கள் பிழைப்பார்கள்.

இன்னொன்றையும் நமக்குள் மனம் விட்டுப் பேச வேண்டும். பெரிய கம்பெனிச் சரக்குக்கு முன்பணம் கட்டி எடுக்கிறோம். நம் ஊரிலேயே அப்பளமும் வடகமும் பொடியும் செய்து கொண்டுவருகிறவர்களுக்கோ "அடுத்த வாரம் வாங்க" என்று இரண்டு மாதம் இழுக்கிறோம். பணம் முடங்கியவர் எத்தனை நாள் தாங்குவார்? கடைசியில் அவரும் கம்பெனி பாக்கெட்டின் நிறத்தில் கவர் அடிக்கிறவரிடம் போய்ச் சேருகிறார். போலிக்காரர்கள் எல்லாரும் பிறவியிலேயே திருடர்கள் அல்லர். சிலரை அந்த வழிக்குத் தள்ளியதில் நம் கடன் நோட்டுக்கும் பங்கு உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒன்றைப் பார்த்துச் செய்த பொருள் எல்லாம் போலி என்று ஒதுக்கினால் அதுவும் அநியாயம். டேனியல்ஸ் கடிகாரம் பிரெகே சாயலில்தான் இருந்தது. கோவைக் கிரைண்டர்கள் எல்லாம் ஒன்றின் சாயலில் ஒன்று இருந்தவைதாம். ஆகவே சாயலை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. செய்தவன் தன் பெயரை நாம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறானா, பார்க்காமல் போக வேண்டும் என்று நினைக்கிறானா என்பதைப் பாருங்கள். நேர்மையானவன் தன் பெயரை நெற்றியில் எழுதுவான். போலிக்காரன் தன் பெயரை மடிப்புக்குள் ஒளித்து வைப்பான். பாக்கெட்டைக் கையில் எடுத்தவுடன் இந்த வித்தியாசம் எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

இந்த அடிப்படையில் நம் சங்கம் யோசிக்க வேண்டியவை என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

1. தயாரித்தவர் பெயர், முழு முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, மாதம், வருடம் ஆகியவையும், உணவுப் பொருளானால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இல்லாத பாக்கெட்டை எந்த உறுப்பினரும் இறக்கக் கூடாது. பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

2. ஒவ்வொரு கடையிலும் கண்மட்டத்தில் ஒரு தட்டையாவது, சொந்தப் பெயரில் செய்கிற உள்ளூர்த் தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கலாம். சரக்கு நன்றாக இல்லாவிட்டால் டேனியல்ஸ் செய்தது போலத் திருப்பி அனுப்புங்கள். இன்ன குறை என்று சொல்லி அனுப்புங்கள். திருத்திக்கொண்டு வந்தால் மறுபடியும் இடம் கொடுங்கள்.

3. அவர்களுக்குப் பதினைந்து நாளில் பணம் கொடுப்பது என்று நமக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்.

4. சிறு தொழில் செய்பவர் ஆன்லைனில் வணிகக் குறிக்கு விண்ணப்பிக்க, 2017-ஆம் ஆண்டு விதிகள் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம் வைத்தன. மற்றவர்களுக்கு 9,000. விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் மாதம் ஒருநாள் உதவி செய்தால் பெரிய புண்ணியம்.

5. மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மூட்டையின்மேல் ஊர்ப் பெயரை உள்ளபடி எழுத வேண்டும். நம் மண்டிக்கு நீலகிரிப் பூண்டும் வருகிறது, வடநாட்டுப் பூண்டும் வருகிறது. இரண்டும் நல்ல சரக்குதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. விதைக்கென்று மலைப் பூண்டைத் தேடி வருகிறவருக்கு வேறொன்றைக் கொடுத்தால், அவருக்கு ஒரு போகமே போய்விடும். ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கும் 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரும் ஒரு சொத்து என்பதற்கு அது அத்தாட்சி. அந்தச் சொத்துக்கு முதல் காவல்காரர்கள் மண்டிக்காரர்களே.

முப்பது சதவீத லாபத்தை விட்டுவிடச் சொல்வது எளிது, கடை வாடகை கட்டுகிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும் என்று சிலர் நினைப்பீர்கள். நானும் வாடகை கட்டிக் கடை நடத்துகிறவன்தான். நம் முதலில் பெரிய முதல், கல்லாப் பெட்டியில் இருப்பது அல்ல. "அந்தக் கடையில் வாங்கினால் சரக்கு சரியாக இருக்கும்" என்று தெருவில் நான்கு பேர் சொல்வதுதான். பெரிய அங்காடியும் செல்போன் வியாபாரமும் நம்மிடமிருந்து எதை எடுத்தாலும், அந்த வார்த்தையை எடுக்க முடியாது. நாமாகக் கொடுத்தால்தான் போகும்.

கடிகாரத்தின் முகப்பில் பெயர் எழுதுவது போலவே, நம் கடைப் பலகையிலும் பெயர் எழுதியிருக்கிறோம். பெரும்பாலும் அது அப்பா பெயர், தாத்தா பெயர், குலதெய்வத்தின் பெயர். அந்தப் பலகையின் கீழே இருந்துகொண்டு, அடுத்தவர் பெயரைத் திருடிய பாக்கெட்டை எடுத்து நீட்டலாமா என்பதை ஒவ்வொருவரும் யோசித்துப் பார்க்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்கள் மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள்.